அறிக்கையில் இல்லாத இரண்டு பெயர்கள்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் நானும் கணவரும் நான்கு அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி நடத்துகிறோம். சமையலும் நாங்களே. சென்ற மாதம் வந்து தங்கிய 22 பேருக்கு, கிளம்பும் அன்று எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பொட்டலம் கட்டிக் கொடுத்தோம். காலையில் அவசரம் வேண்டாம் என்று சாதத்தை முந்தின இரவே வடித்து, அண்டாவில் மூடி வைத்திருந்தோம். மலைக்குளிரில் கெடாது என்று நினைத்தோம். பதினொன்றரை மணிக்குச் சேர்வராயன் கோயில் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் 9 பேருக்கு இரண்டு மணிக்குள் வாந்தி. காய்ச்சல் யாருக்கும் இல்லை. மறுநாள் எல்லோரும் தேறிவிட்டார்கள். மிச்சமிருந்த சாதத்தை மறுநாள் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் சேலம் போய் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். ஆறு நாள் கழித்து வந்த அறிக்கை: மொத்த பாக்டீரியா எண்ணிக்கை கிராமுக்கு 38 லட்சம், ஈ. கோலை 10க்கும் குறைவு. சால்மொனெல்லா 25 கிராமில் இல்லை. "இல்லை என்று வந்துவிட்டது, நம் மேல் தவறில்லை" என்கிறார் கணவர். வந்தவர்களோ "38 லட்சம் கிருமியா!" என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். யார் சொல்வது சரி மேடம்? ஒரே நாளில் முடிவு தரும் கூடங்கள் இருக்கும்போது இவர்களுக்கு ஏன் ஆறு நாள்? மாதம் ஒருமுறை நாங்களே சோதித்துப் பார்க்க ஏதாவது கிட் கிடைக்குமா?

பதில்:

சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதும் சரியில்லை, வந்தவர்கள் சொல்வதும் சரியில்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அந்த அறிக்கை, அன்று நடந்ததைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்லவில்லை. அதைவிட எனக்குப் பயன்பட்டவை உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகள்: பதினொன்றரை மணி, இரண்டு மணி, காய்ச்சல் இல்லை.

சால்மொனெல்லா வயிற்றுக்குள் போனால் அது குடலில் பெருகி, குடற்சுவரைத் தாக்கி, அதன் பிறகே ஆளைப் படுக்க வைக்கும். அதற்குக் குறைந்தது ஆறு மணி நேரம் பிடிக்கும்; பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம். கூடவே காய்ச்சலும் பேதியும் வரும். குடலில் வாழும் ஈ. கோலையில் நோய் உண்டாக்கும் வகைகளும் சாதாரணமாக இத்தனை வேகமாக வேலை செய்வதில்லை. சாப்பிட்ட இரண்டரை மணி நேரத்தில் காய்ச்சலே இல்லாமல் வாந்தி வந்து, ஒரே நாளில் தேறிவிட்டார்கள் என்றால், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகவில்லை. சாதத்திலேயே பெருகி, நஞ்சைக் கக்கி வைத்துவிட்டது. உங்கள் விருந்தினர்கள் அந்த நஞ்சைத்தான் சாப்பிட்டார்கள். அப்படிச் செய்யக்கூடியவை முக்கியமாக இரண்டு: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் சீரியஸ். உங்கள் அறிக்கையில் இந்த இரண்டு பெயரும் இல்லை. இல்லை என்றால், தேடிக் கிடைக்கவில்லை என்று பொருளல்ல. தேடவே இல்லை.

அந்தக் கூடத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வரவேற்பு மேசையில் இருந்தவரிடம் நீங்கள் "சாதத்தை டெஸ்ட் பண்ணணும்" என்று சொல்லியிருப்பீர்கள். அவரும் வழக்கமான மூன்று சோதனைகளுக்கு ரசீது போட்டிருப்பார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி வந்தது என்று அவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக் கேசரி சோதனைக்கு வந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் எல்லாத் தட்டுகளும் சுத்தமாக இருந்தன. ஒரு காலனிகூட, அதாவது கிருமி பெருகி எழும் ஒரு புள்ளிகூட, எழவில்லை. பெருமையோடு அறிக்கை எழுதிக்கொண்டு போனேன். எங்கள் மூத்தவர் அதைப் படிக்காமலேயே, "மறுபடி சூடாக்கினார்களா என்று கேட்டாயா?" என்றார். கேட்டபோது, பந்திக்கு முன் நன்றாகக் கிளறிச் சூடாக்கியதாகச் சொன்னார்கள். சூட்டில் கிருமிகள் செத்துவிட்டன. அவை அதற்கு முன்பே விட்டுப்போன நஞ்சு அப்படியே இருந்தது. ஸ்டஃபைலோகாக்கஸின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. கிருமியை எண்ணும் சோதனை செத்த கிருமியை எண்ணாது, நஞ்சையும் காட்டாது. நஞ்சைத் தேடுவதற்கு எலைசா என்று தனிச் சோதனை இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஸ்டஃபைலோகாக்கஸ் நம் மூக்கிலும் தோலிலும் இருப்பது. கையில் சீழ் வைத்த காயம் இருந்தால் அங்கே ஏராளம். 1914இல் பிலிப்பைன்ஸில் பார்பர் என்ற ஆய்வாளர், மடிநோய் கண்ட பசுவின் பாலைக் குளிரில் வைக்காமல் விட்டு, அதைத் தானே குடித்து, வாந்தி எடுத்து, காரணம் இந்தக் கிருமிதான் என்று காட்டினார். நம் கதையில் பால் இல்லை; கை இருக்கிறது. எலுமிச்சைச் சாதத்தையும் வறுவலையும் யார் கலந்தது, கரண்டியாலா கையாலா என்று விசாரியுங்கள்.

ஆனாலும் என் சந்தேகம் அதிகம் விழுவது இரண்டாவதன் மேல்தான்.

பேசில்லஸ் சீரியஸ் மண்ணில் வாழ்வது. நெல்லோடு வந்து அரிசியோடு உங்கள் சமையலறைக்குள் நுழைந்துவிடும். அதன் வித்து (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) சோறு கொதிப்பதையும் தாங்கி நிற்கும். கொதி அடங்கிச் சாதம் வெதுவெதுப்புக்கு வந்ததும் வித்து விழித்துக்கொள்ளும். 30 டிகிரிக்கு அக்கம்பக்கம் அதற்குக் கொண்டாட்டம். ஏற்காட்டுக் குளிர் உங்களை ஏமாற்றியது இங்கேதான். வெளியே 16 டிகிரி இருக்கலாம். ஆனால் 22 பேருக்கு வடித்த சோறு, மூடிய அண்டாவுக்குள், தன் சூட்டைத் தானே போர்த்திக்கொண்டு கிடக்கும். ஓரமும் மேற்பரப்பும் சில்லென்று ஆகிவிடும். நடுவே கையை விட்டுப் பார்த்தால் விடியும்வரை இளஞ்சூடு இருக்கும். சேலத்தில் இருப்பவர்களுக்காவது "வெயில், கெட்டுப்போகும்" என்ற பயம் இருக்கிறது. மலையில் அந்தப் பயம் இல்லை.

காலையில் எலுமிச்சை பிழிந்தீர்கள். புளிப்பு ஏறினால் கிருமி வளர்வது தடைபடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் இரவு முழுதும் கடந்துவிட்டது. கடுகு, மிளகாய் தாளித்துச் சூடாகக் கொட்டினாலும் பயனில்லை. இந்தக் கிருமி விடும் வாந்தி நஞ்சு, பிரஷர் குக்கர் சூட்டைப்போன்ற 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாமல் நிற்கும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சாதத்தின் மணம், ருசி எதுவும் மாறாது. சமைத்த நீங்கள் முகர்ந்து பார்த்துத்தான் கொடுத்திருப்பீர்கள்.

இப்போது அந்த 38 லட்சத்துக்கு வருகிறேன். மொத்த எண்ணிக்கை என்பது நல்லது கெட்டது பாராமல், காற்றில் வளரக்கூடிய எல்லா பாக்டீரியாவையும் எண்ணுவது. உணவில் 10 கிராமைத் துல்லியமாக எடைபோட்டு, கிருமி நீக்கிய நீர்மத்தில் கலக்கி, அதைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு நீர்ப்பிலிருந்தும் ஒரு மில்லிலிட்டரைத் தட்டில் விட்டு, கிருமிக்குத் தீனியான ஊடகத்தை ஊற்றி, 30 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பார்கள். ஒவ்வோர் உயிருள்ள கிருமியும் பெருகிப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக எழும். அதுதான் காலனி. எண்ணத் தோதான தட்டை எடுத்து எண்ணி, நீர்த்த மடங்கால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும். "10க்கும் குறைவு" என்பதும் இந்த வழியில் வருவதுதான்: முதல் நீர்ப்பின் தட்டிலேயே ஒரு காலனிகூட இல்லை என்று பொருள். பூஜ்யம் என்று எழுத எங்களுக்கு உரிமை கிடையாது.

தட்டில் ஊற்றும் ஊடகத்தை இறுக வைப்பது என்ன தெரியுமா? நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்கிறார்களே, அதே கடற்பாசிதான். முதலில் ஜெலட்டினில்தான் கிருமி வளர்த்தார்கள். வெயில் காலத்தில் அது உருகி ஓடியது. ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, 1880களின் தொடக்கத்தில், தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய கடற்பாசியைக் காட்டி இதைப் போட்டுப் பாருங்கள் என்றார். அன்று தொடங்கியது இன்றுவரை மாறவில்லை. அவர் பெயரில் ஒரு தட்டுகூட இல்லை. தட்டுக்கு 1887இல் அதை வடிவமைத்த பெட்ரியின் பெயர்தான். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் சாதத்தில் 38 லட்சம் இருந்தது எப்போது? கூடத்தில் எடைபோட்ட நேரத்தில். விருந்தினர் சாப்பிட்டபோது அல்ல. மிச்சச் சாதம் முதலில் ஒரு நாள் அங்கேயே இருந்தது. பிறகு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்து மதிய வெயிலில் பஸ் நிலையத்தில் நின்று, கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வசதியான சூட்டில் ஒரு பாக்டீரியா 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பத்துமுறை இரட்டித்தால் ஆயிரம் மடங்கு. கிராமுக்குச் சில நூறாக இருந்தது, நான்கைந்து மணி நேரத்தில் சில லட்சமாகும். ஆகவே 38 லட்சம் என்பது உங்கள் சமையலைவிட அந்தப் பயணத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

பொதுவாகவே, எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். உங்கள் வீட்டு இட்லி மாவை நாளை கொண்டுபோய்க் கொடுத்தால் கிராமுக்குக் கோடிக்கணக்கில் வரும். அவை புளிக்க வைக்கும் பாக்டீரியாக்கள். தயிரும் அப்படித்தான். ஒவ்வோர் உணவுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சேலத்துத் தட்டுவடை செட் கடைக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டால், வடையை விட்டுவிட்டு, பச்சையாகத் துருவிய பீட்ரூட், காரட், சட்னி இவற்றுக்கு ஈ. கோலை பாருங்கள் என்பேன். அங்கே தண்ணீரும் கையும்தான் பிரச்சினை. உங்கள் எஸ்டேட் பக்கம் மிளகைத் தரையில் காயப்போடுவார்கள். அந்த மிளகைச் சமைத்து இறக்கிய பண்டத்தின் மேல் அப்படியே தூவுவதாக இருந்தால் சால்மொனெல்லா பார்ப்பதில் பொருளுண்டு. (மசாலாப் பொருளைச் சோதிப்பதே தனிக் கலை. கிராம்பு போன்றவை கிருமியைத் தட்டிலேயே அடக்கிவிடும் என்பதால், அதை மட்டும் ஆயிரம் மடங்கு நீர்த்துத்தான் சால்மொனெல்லா தேடுவார்கள். தெரியாதவர் செய்தால் "இல்லை" என்று பொய்யாக வரும்.)

ஆறு நாள் ஏன் என்று கேட்டீர்கள். சால்மொனெல்லாவை எண்ணுவதில்லை, இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்ப்பது. 25 கிராமில் ஒன்றே ஒன்று, அதுவும் சூட்டிலும் புளிப்பிலும் அடிபட்டு அரையுயிராகக் கிடந்தாலும், பிடிக்க வேண்டும். முதல் நாள் 25 கிராமை 225 மில்லிலிட்டர் பெப்டோன் நீரில் போட்டு 37 டிகிரியில் ஓர் இரவு வைப்பார்கள். இது அடிபட்டதற்குக் கஞ்சி கொடுத்துத் தேற்றுவது போன்றது. எல்லாக் கிருமியும் தேறும். இரண்டாம் நாள் அதிலிருந்து சிறிது எடுத்து, மற்றவை தாக்குப்பிடிக்க முடியாத இரண்டு திரவங்களில் விடுவார்கள். ஒன்றில் மாலகைட் பச்சை என்ற சாயம், சூடும் 41.5 டிகிரி. சால்மொனெல்லா அதிலும் தளராமல் பெருகும். மூன்றாம் நாள் அதைச் சிவப்பு நிறத் தட்டில் கோடு கோடாக இழுப்பார்கள். மறுநாள் நடுவில் கருப்புப் பொட்டு வைத்ததுபோல் காலனிகள் எழுந்தால் சந்தேகம். அதே பொட்டு வைத்துக்கொண்டு ஏமாற்றும் வேறு கிருமிகளும் உண்டு. அதனால் சர்க்கரைகளை எப்படிச் செரிக்கிறது என்று பார்த்து, பிறகு சீரத்தில் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில்) கலந்து திரிகிறதா என்று பார்த்து, அதற்கப்புறமே "இருக்கிறது" என்று எழுதுவார்கள். ஆறு நாள் எடுத்துக்கொண்ட கூடம் உங்களை அலைக்கழிக்கவில்லை. வந்த அன்று மாலையே "இல்லை" என்று அறிக்கை தரும் இடத்தைக் கண்டால்தான் நான் பயப்படுவேன்.

பிசிஆர் முறையில் ஒரே நாளில் முடிகிறது என்பதும் உண்மைதான். கிருமியை வளர்க்காமல் அதன் டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் கோடி கோடியாகப் படியெடுத்து அடையாளம் காண்பது அது. ஆனால் அதற்கும் அந்த முதல் இரவுக் கஞ்சி வேண்டும். 25 கிராமில் ஒன்றே ஒன்று இருக்கும்போது, கருவிக்குள் போகும் ஒரு சொட்டில் அது அகப்படாது. இன்னொரு சங்கடம், செத்த கிருமியின் டிஎன்ஏவும் சில சமயம் "இருக்கிறது" என்று காட்டிவிடும். அதனால் இருக்கிறது என்று வந்தால் தட்டில் வளர்த்து உறுதி செய்ய வேண்டும். உங்கள் பிரச்சினைக்குப் பிசிஆர் நேராக உதவாது. நஞ்சை உண்டாக்கும் மரபணு இருக்கிறதா என்று அது சொல்லும். சாதத்தில் நஞ்சு இருந்ததா என்று சொல்லாது.

உங்களுக்கு வேண்டிய சோதனைகள் பழையவை, எளியவை. பேசில்லஸ் சீரியஸுக்கு முட்டையின் மஞ்சள் கரு கலந்த தட்டு. இளஞ்சிவப்புக் காலனி எழுந்து, சுற்றிலும் வெண்படலம் கட்டும். ஸ்டஃபைலோகாக்கஸுக்குப் பேர்ட்-பார்க்கர் தட்டு. கன்னங்கரேலென்று பளபளக்கும் காலனி, சுற்றிலும் தெளிந்த வளையம். அதை எடுத்து முயலின் பிளாஸ்மாவில் போட்டால், உறை குத்திய பால்போல் அது உறையும். இரண்டிலும் கிராமுக்கு லட்சத்தை ஒட்டிப் போனால்தான் நஞ்சு பற்றிய கவலை. சில நூறு இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

கிட் பற்றி: வேண்டாம், சகோதரி. நோய்க்கிருமியைத் தேடும் சோதனை என்பதே அதை வளர்ப்பதுதான். ஒன்றாக இருந்ததைக் கோடியாக்கி உங்கள் சமையலறை அலமாரியில் வைத்துக்கொள்வீர்கள். நாங்கள் முடித்த தட்டை ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில் அவித்துத்தான் குப்பைக்கு அனுப்புவோம். உங்களால் அது முடியாது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்குத் தருவேன்: தண்ணீரைச் சோதிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி. 1982இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை இது. ஊற்றுத் தண்ணீரையோ ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையோ அதில் நிரப்பி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் கருத்துப்போகும். உங்கள் ஊர்க் குளிரில் அடுப்பு மேடைக்கு அருகே துணி சுற்றி வையுங்கள். பார்த்து முடித்ததும் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிவிட்டுக் கொட்டுங்கள். மழைக்காலம் முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

கிட்டுக்கு வைத்திருந்த பணத்தில் கம்பி வைத்த உணவு வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சோற்றின் நடுவே குத்திப் பாருங்கள். அண்டாவைப் பற்றி நான் எழுதியதை அது உங்கள் கணவருக்கு என்னைவிட நன்றாக விளக்கும். சாதத்தை இரவே வடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அகலத் தாம்பாளங்களில் நான்கு விரற்கடைக்கு மேல் உயராமல் பரப்புங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்க வேண்டும். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரி. இவ்வளவு பாடுபடுவதற்குக் காலை நான்கரைக்கு எழுந்து வடித்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அதுதான் தோன்றுகிறது.

ஒவ்வொரு வேளையும் சமைத்ததில், பண்டத்துக்கு 150 கிராம் வீதம், கொதிநீரில் போட்டெடுத்த மூடியுள்ள டப்பாவில் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வையுங்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் கொட்டிவிடலாம். ஆகிவிட்டால், பனிக்கட்டிப் பைகள் அடுக்கிய பெட்டியில் அதே நாளில் சேலத்துக்குக் கொண்டுபோங்கள். உறைய வைக்க வேண்டாம். மேசையில் இருப்பவரிடம் சாப்பிட்ட நேரம், வாந்தி வந்த நேரம், எத்தனை பேர், காய்ச்சல் உண்டா, மறுபடி சூடாக்கினீர்களா என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். கூடத்துக்கு என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், இந்தக் குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீரின் உப்பைப் பார்க்க மட்டும் அங்கீகாரம் வாங்கிவிட்டு எல்லாவற்றுக்கும் பலகை மாட்டியிருப்பவர்களும் உண்டு.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த அறிக்கையைக் காட்டி விருந்தினரிடம் வாதாடாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றும் தாள் அல்ல; விவரம் தெரிந்தவர் கையில் போனால் உங்களுக்கு எதிராகவே திரும்பும். நேரக் கணக்கும் அண்டாச் சாதமும் சேர்ந்தால் உணவின் மேல்தான் கை நீளுகிறது. சாப்பாட்டுப் பணத்தையாவது திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம்.

இன்றே அந்தக் கூடத்துக்குப் போன் செய்து, சோதித்தது போக மீதிச் சாதம் இருக்கிறதா என்று கேளுங்கள். சில இடங்களில் அறிக்கை கொடுத்த பிறகும் சில நாள் எடுத்து வைத்திருப்பார்கள். இருந்தால், பேசில்லஸ் சீரியஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்குவாளிப் பயணத்துக்குப் பிறகு அந்த எண்ணிக்கை நம்பத்தக்க சாட்சி ஆகாது. ஆனாலும் இரண்டில் எது என்று ஊகிக்க உதவும். பேசில்லஸ் என்றால் அண்டாவை மாற்ற வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால், அன்று சாதம் கிளறியவரின் விரல்களைப் பாருங்கள்.